மாரடைப்பு நோயாளிக்கு கேர் பிளான்: முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்

மூணாம்வருஷம் | திங்கள், இரவு 9:10

வணக்கம். சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஐசிசியு (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங் போட்டு நாலு நாள் ஆகிறது. இன்றைக்கு எனக்குக் கொடுத்த கேஸ் ஏற்காடு மலையிலிருந்து வந்தவர், காபித் தோட்டத்துக் கூலி, ஐம்பது தாண்டியவர், பீடி பிடிப்பார், சர்க்கரை இருப்பது இங்கே ரத்தம் எடுத்த பிறகுதான் அவருக்கே தெரியும். விடியற்காலை நாலரைக்கு மேல்வயிற்றில் ஆரம்பித்திருக்கிறது, வாய்வு என்று நினைத்து சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எட்டே முக்காலுக்கு இங்கே வந்தார். ஈசிஜியில் டூ, த்ரீ, ஏவிஎஃப் என்ற மூன்று லீடிலும் எஸ்டி கோடு தூக்கியிருக்கிறது, இன்ஃபீரியர் வால் எம்.ஐ. (இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு) என்று டாக்டர் எழுதினார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரத்தில் ஓடி முடிந்தது. நான் மதியம் கேஸ் எடுத்தபோது பிபி 90/60, பல்ஸ் 52, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 96, அதற்குள் இரண்டு தடவை வாந்தி.

வியாழக்கிழமை கேர் பிளான் (நோயாளிக்கு நர்ஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்ற திட்டம்) வைக்க வேண்டும். என் நர்சிங் டயக்னோசிஸ் வரிசை, அதாவது நோயின் பெயர் அல்ல, அதனால் நோயாளிக்கு வரும் பிரச்சினைகள்: முதலில் கடுமையான வலி, அப்புறம் பதற்றம், செயல் தாங்காமை (சிறு வேலைக்கே களைத்துப்போவது), மலச்சிக்கல் அபாயம், தூக்கக் குறைவு, கடைசியில் நோய் பற்றிய அறிவுக் குறைவு. வலிக்கு கோல் (இலக்கு), பத்துக்கு 8-லிருந்து 3-க்குக் குறையும். இன்டர்வென்ஷனில் (நாம் செய்ய வேண்டியவை) ஆக்ஸிஜன் 4 லிட்டர், டாக்டர் உத்தரவுப்படி நைட்ரோகிளிசரின் (ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து), மார்ஃபின் (வலி மருந்து), அமைதியான சூழல், மனதைத் திசைதிருப்புதல். சீனியர் நோட்டில் இப்படித்தான் இருக்கிறது. மேடம் பார்த்துவிட்டு, "இது யாருக்கு எழுதியது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

(திருத்தம்: தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டேன், கீழே சொன்ன மேடத்துக்கு நன்றி.)

குறுக்குக்கேள்வி | திங்கள், இரவு 9:31

சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாக் காலேஜிலும் நடப்பதுதான், உன் மேடமும் அப்படித்தான் பாஸ் செய்திருப்பார். ஐந்து டயக்னோசிஸ், ஐந்து கோல், நீலப் பேனா, ஸ்கேல் வைத்துக் கட்டம். வேலைக்குப் போன பிறகு யாரும் இதை எழுதப்போவதில்லை. தூங்கு.

பாடம்_எடுப்பவர் | திங்கள், இரவு 9:48

மாணவிக்கு முதலில் ஒன்று. தோட்டத்தின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டிருக்கிறாய், அந்த மலையில் இருப்பவர் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். உடனே எடுத்துவிடு.

மற்றபடி அமைப்பு சரி. எம்.ஐ. என்பதை நர்சிங் டயக்னோசிஸாக எழுதாமல் விட்டதற்கே பாதி மதிப்பெண் தரலாம், வருடா வருடம் பத்துப் பேர் அதைச் செய்வார்கள். ஆனால் 'அபாயம்' என்று தொடங்கும் டயக்னோசிஸுக்கு அறிகுறி எழுதக் கூடாது, இன்னும் நடக்காத ஒன்றுக்கு எங்கிருந்து அறிகுறி வரும்? காரணி மட்டும் போதும். வலியை முதலில் வைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஐசிசியு_அக்கா | திங்கள், இரவு 11:20

டியூட்டி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள் கண்ணு. பதினாலு வருடமாக ஐசிசியுவில் இருக்கிறேன். மேலே பாடம் எடுக்கும் மேடம் சொன்னதை மறுப்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. பொதுவாக மாரடைப்புக்கு வலி முதலில் வரும், ஒத்துக்கொள்கிறேன். உன் ஆளுக்கு வராது. நீயே எழுதியிருக்கிறாய், பிபி 90/60, பல்ஸ் 52. இரண்டுமே குறைவு. இந்த இரண்டு எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த வரியில் நைட்ரோகிளிசரின் என்று எப்படி எழுதினாய்? உன் மேடம் கேட்டது அதைத்தான். அந்த பிளான் வேறு யாருக்கோ எழுதியது, இந்த ஆளுக்கு இல்லை.

இன்ஃபீரியர் வால் என்றால் பெரும்பாலும் வலது பக்கக் கரோனரியில் அடைப்பு. அதே குழாய்தான் பலருக்கு வலது கீழறைக்கும் ரத்தம் கொடுக்கிறது. அந்த அறையும் அடிபட்டிருந்தால், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் பிபியே நிற்கும். நைட்ரேட் (நைட்ரோகிளிசரின் அந்த வகைதான்) கொடுத்தால் சிரைகள் விரிந்து திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடும், 90 இருந்தது கண்ணெதிரே 60 ஆகும். நான் பார்த்திருக்கிறேன், இங்கே இல்லை, நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ஓடிக்கொண்டிருந்த என்டிஜி (நைட்ரோகிளிசரின்) டிரிப்பை நிறுத்துவதற்குள் ஆள் கண்ணைச் செருகிவிட்டார். மார்ஃபினும் பிபியை இறக்கும். அதனால்தான் இன்ஃபீரியர் வால் வந்தால் வலது பக்கமும் லீடு வைத்து வி4ஆர் எடுப்பார்கள். உன் கேஸ் ஷீட்டில் அது இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்.

பிபி குறைந்ததற்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸே ஓடும்போது பிபியை இறக்கும், வேகத்தைக் குறைத்துக் காலைத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். அப்புறம் பல்ஸ் 52. இன்ஃபீரியரில் வேகஸ் நரம்பு தூண்டப்படும், பல்ஸ் குறையும், வாந்தி வரும், விக்கல் கூட வரும், ஹார்ட் பிளாக்கும் (இதயத்துக்குள் மின்துடிப்பு தடைபடுவது) வரலாம். உன் ஆள் வாந்தி எடுத்ததற்குக் கஷாயம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆக முதல் டயக்னோசிஸ் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறைந்திருப்பது. அதன் கீழே எழுத வேண்டியவை: முதல் மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிபி, மானிட்டரில் பிஆர் இடைவெளி நீள்கிறதா (ஹார்ட் பிளாக்கின் அடையாளம்), கை கால் சில்லென்று இருக்கிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு. கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடு. சலைன் ஓட்டச் சொன்னால் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்துக் கேள். கரகரவென்று சத்தம் இருந்தால் கதை வேறு, உடனே சொல். பல்ஸை ஏற்றும் அட்ரோபின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிஃபிப் (ஷாக் கொடுக்கும் கருவி) சார்ஜில் இருக்கிறதா என்று ஷிஃப்ட் தொடக்கத்திலேயே பார்த்துவிடு.

இன்னொன்று. 8-லிருந்து 3 என்று கோல் போட்டிருக்கிறாய். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு 3 போதும். இதய வலிக்கு 3 போதாது, பூஜ்யம் வேண்டும். 3 மிச்சம் இருக்கிறது என்றால் தசை இன்னும் ரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கலாம், குழாய் திறக்காமல் இருக்கலாம். மருந்து ஓடிய 60 முதல் 90 நிமிடத்துக்குள் மறுபடி ஈசிஜி எடுத்து, எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். அந்த ஈசிஜியை நேரத்துக்கு எடுப்பது நம் வேலை, டாக்டர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

மூணாம்வருஷம் | திங்கள், இரவு 11:34

அக்கா, கை நடுங்குகிறது. நான் எழுதியது பேப்பரில் மட்டும்தான், யாரும் என்டிஜி கொடுக்கவில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

குறுக்குக்கேள்வி | செவ்வாய், காலை 6:50

சரி, நைட்ரேட் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆக்ஸிஜனை யாரும் தொடவில்லையே? எங்கள் வார்டில் நெஞ்சு வலி என்று வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே மூக்கில் போட்டுவிடுவோம். காசா பணமா.

ஐசிசியு_அக்கா | செவ்வாய், காலை 7:15

நானும் முதல் ஐந்தாறு வருடம் அப்படித்தான் போட்டேன், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 2017-ல் ஸ்வீடனில் 6,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள், சாச்சுரேஷன் 90-க்குக் குறையாதவர்களுக்கு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வருடத்தில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் போனால் கரோனரிக் குழாய்கள் சுருங்கும் என்பதும் தெரிந்ததுதான். 96 இருப்பவருக்கு 4 லிட்டர் வேண்டாம். 90-க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ போடு. பிளானில் 'ஆக்ஸிஜன் கொடுக்கவும்' என்று எழுதாதே, 'சாச்சுரேஷன் தொடர்ந்து பார்க்கவும், 90-க்குக் கீழே போனால் உத்தரவுப்படி ஆக்ஸிஜன்' என்று எழுது. சொந்தக்காரர்கள் மட்டும் "மூக்குல ஒண்ணும் வெக்கலியா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்கும் பதில் தயாராக வைத்துக்கொள்.

மலைமேல்_நர்ஸ் | செவ்வாய், மதியம் 1:05

நான் ஏற்காடு பக்கம் கிராமச் சுகாதாரத்தில் இருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் நோயாளி ஐசிசியு வாசலில் இருந்துதான் தொடங்குகிறார், எனக்கு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறார். 2023-லிருந்து அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் எங்களிடம் லோடிங் டோஸ் (மாரடைப்பு என்றால் உடனே கொடுக்கும் முதல் மருந்து) இருக்கிறது. ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாடின் 10 எட்டு, ஆக மொத்தம் 14 மாத்திரை. ஒரே தடவையில் ஒரு கை நிறைய மாத்திரையைக் கொடுத்தால் பாட்டிகள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

மாணவிக்கு ஒரு கேள்வி. உன் ஆளுக்கு மேலே லோடிங் கொடுத்து அனுப்பினார்களா? கொடுத்திருந்தால், வாந்தி எடுத்தது மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா, வாந்தியில் மாத்திரை வந்ததா? நான் ரெஃபரல் சீட்டில் மாத்திரை கொடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுதித்தான் அனுப்புவேன். கீழே போனதும் அந்தச் சீட்டு யாருடைய சட்டைப் பையிலோ மடிந்து கிடக்கும், மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். அசெஸ்மென்ட் என்று நாலு பக்கம் எழுதுகிறீர்கள், அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடிவாரம்_பைலட் | செவ்வாய், மாலை 4:40

108-ல் பைலட். டிரைவரை எங்கள் வண்டியில் அப்படித்தான் சொல்வார்கள், விமானம் எல்லாம் இல்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவு 20. மாரடைப்பு ஆளோடு அதில் இறங்கும்போது வேகம் பெரிதல்ல, உடம்பு இப்படியும் அப்படியும் உருளாமல் இறங்க வேண்டும். உருண்டால் வாந்தி, வாந்தி எடுத்தால் முக்கல், அதில் பல்ஸ் இன்னும் விழும், பின்னால் இருக்கும் இ.எம்.டி. (வண்டியில் முதலுதவி பார்ப்பவர்) கத்துவார். சிஸ்டர் கேட்ட மாத்திரைக் கேள்விக்கு, எங்கள் இ.எம்.டி. வாந்திப் பையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், முதல் தடவை பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் மே மாதக் கோடை விழா சமயத்திலும் டூரிஸ்ட் வண்டி வளைவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும், அப்போது குப்பனூர் ரோடு பக்கம் இறங்க முடியுமா என்று பார்ப்போம். இதில் மிகப் பெரிய தொல்லை என்னவென்றால், ஆளை நடக்க விடுவார்கள். வண்டி வரும் இடம் வரைக்கும் தோட்டத்துச் சரிவில் கால் கிலோமீட்டர் ஏறி வந்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்று நிற்பார்கள். இல்லாவிட்டால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி வந்தால் போதும். எழுதுகிற பிளானில் இதற்கு இடம் உண்டா என்று தெரியாது.

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 8:22

நான் நர்ஸ் கிடையாது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கே வந்தது, அதனால் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். பட்டறையில் உட்கார்ந்திருந்தேன், நெஞ்சில் எரிச்சல், வேர்வை. முந்தின ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று முடிவு செய்து சோடா, ஓம வாட்டர், ஜெலுசில் என்று வரிசையாக ஊற்றினேன். ஐந்து மணி நேரம். கடைசியில் போன தனியார் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், முதலில் கேட்டது அட்வான்ஸ், இரண்டாவது ஃபைல் போட ஆதார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஈசிஜி.

பாடம்_எடுப்பவர் | செவ்வாய், இரவு 8:51

நெஞ்சு வலி என்று உள்ளே வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் காட்ட வேண்டும். அதற்கு அட்வான்ஸ் தேவையில்லை. அந்த நாற்பது நிமிடத்தை ஒருவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 9:14

எழுதவில்லைங்க. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஐசியுவில் படுத்திருந்த இரண்டு ராத்திரியும் அந்த மானிட்டர் அடிக்கடி கத்தும். ஒவ்வொரு தடவையும் என் இதயம் நின்றுவிட்டது என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொள்வேன். யாராவது வந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். இரண்டாம் நாள் ஒரு நர்ஸ் வந்து, "ஐயா, நீங்க திரும்பிப் படுத்தா நெஞ்சுல ஒட்டின ஒயர் லூசாகும், அதுக்குத்தான் இது கத்துது, நிஜமா ஏதாவதுன்னா நாங்க ஓடி வருவோம், நடந்து வந்தா பயப்படாதீங்க" என்றது. அன்றைக்குத்தான் தூங்கினேன். நடந்து வருகிறார்களா ஓடி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே தூங்கினேன். அதற்கு உங்கள் பேப்பரில் என்ன பெயர்?

மூணாம்வருஷம் | செவ்வாய், இரவு 9:40

அதற்குப் பெயர் பதற்றம் சார். நான் எழுதிய இன்டர்வென்ஷன் 'நோயாளிக்கு உளவியல் ஆதரவு அளிக்கவும்'. இப்போது அதைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இன்றைய நிலவரம். கேஸ் ஷீட்டில் வி4ஆர் எடுத்திருந்தார்கள் அக்கா, எஸ்டி தூக்கியிருந்தது. வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது. நேற்றே சலைன் ஓட்டியிருக்கிறார்கள், நைட்ரேட் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி பெட்டின் தலைமாட்டில் ஒட்டியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இன்று காலை பிபி 106/70, பல்ஸ் 64. ஆஞ்சியோகிராம் செய்து வலது கரோனரியில் ஸ்டென்ட் வைத்தார்கள், மணிக்கட்டு வழியாக. லோடிங் மேலேயே கொடுத்திருக்கிறார்கள், சீட்டு அவர் தம்பியின் பர்ஸில் இருந்தது. வாந்தி இரண்டுமே அதற்குப் பிறகு, மாத்திரை வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. டூட்டி டாக்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். நான் "வலி இருக்கா ஐயா?" என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றார். பூஜ்யம் என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் அவர் மனைவி வந்ததும் "இன்னும் கொஞ்சம் பாரமாத்தான் இருக்கு" என்கிறார். எதை எழுதுவது?

மலைமேல்_நர்ஸ் | செவ்வாய், இரவு 10:02

நீ கேட்ட சொல் தப்பு. எங்கள் ஆட்களுக்கு வலி என்றால் வெட்டுக்காயம், பல்வலி, பிரசவ வலி. நெஞ்சில் வருவது வலியே இல்லை, அது பாரம், அமுக்கல், கனம், எரிச்சல், "கல்லு வெச்சாப்புல". 'வலிக்குதா' என்றால் உண்மையாகவே இல்லை என்பார்கள், பொய் சொல்வதில்லை. அமுக்குதா, பாரமா இருக்கா, தாடையோ தோளோ இழுக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேள். பெண்களிலும் சர்க்கரை உள்ளவர்களிலும் சிலருக்கு அது கூட இருக்காது, "அசதியா இருக்கு, மூச்சு எட்டல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்துக்கு எத்தனை என்று எண் கேட்பதும் எல்லோருக்கும் ஓடாது. நேற்று காலையில் இருந்ததை ஒரு மூட்டை என்று வைத்தால் இப்போது எவ்வளவு என்று கேள். காபி மூட்டை தூக்குகிறவர் சரியாகச் சொல்வார்.

ஐசிசியு_அக்கா | செவ்வாய், இரவு 10:15

மேலே சிஸ்டர் சொன்னதை அப்படியே எழுது, அவர் சொன்ன சொல்லையே மேற்கோளில் போடு. 'நோயாளி கூறுவது' என்ற கட்டம் அதற்குத்தான் இருக்கிறது, அதில் போய் 'நெஞ்சு வலி' என்று நம் சொல்லை எழுதி வைக்கிறோம். இப்போது பாரம் இருக்கிறது என்றால் முதலில் ஈசிஜி, பிபி, அப்புறம் டாக்டர். ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு வரும் பாரத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. இந்த நேரத்தில் இங்கே தட்டிக்கொண்டிருக்காதே, வார்டுக்குப் போன் போடு.

மூணாம்வருஷம் | செவ்வாய், இரவு 10:58

போட்டேன். நைட் சிஸ்டர் எட்டு மணிக்கே ஈசிஜி எடுத்துவிட்டாராம், மாற்றம் இல்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டார். என்னைவிட அவர்களுக்குத் தெரியாதா என்று இப்போது தோன்றுகிறது, ஆனாலும் நிம்மதி.

பாடம்_எடுப்பவர் | புதன், காலை 8:30

ஐசிசியு நர்ஸ் சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன், நான் பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஆனால் இன்னொரு டயக்னோசிஸ் விடுபட்டிருப்பதை அவரும் சொல்லவில்லையே. ரத்தக்கசிவு அபாயம். ஸ்ட்ரெப்டோகைனேஸ், அதன் மேல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஹெப்பாரின், அதற்கும் மேல் மணிக்கட்டில் ஓட்டை. தசையில் ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் இருக்கும் லைனிலிருந்து எடு, ஈறு, சிறுநீர், மலத்தின் நிறம் பார். மணிக்கட்டுப் பட்டைக்குக் கீழே விரல்கள் நிறம் மாறுகிறதா, மரத்துப்போகிறதா என்று பார். திடீரென்று தலைவலி, வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் மூளையில் கசிவாக இருக்கலாம், ஓட்டமாக ஓட வேண்டியது அப்போதுதான். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு முறை வாங்கியவருக்கு மறுபடி அதே மருந்து கூடாது, உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருக்கும். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினார்களா என்றும் பார்த்துக்கொள்.

ஐசிசியு_அக்கா | புதன், மதியம் 2:45

மேடம், உண்மைதான், விட்டுவிட்டேன். நன்றி.

கண்ணு, உன் பட்டியலில் நாலாவதாக ஒன்று வைத்திருக்கிறாயே, மலச்சிக்கல் அபாயம், படுக்கை ஓய்வின் காரணமாக. நார்ச்சத்து உணவு, நிறையத் தண்ணீர் என்று எழுதியிருப்பாய். சரி, ஒன்று கேட்கிறேன். உன் ஆள் திங்கள் காலையிலிருந்து மலம் கழித்தாரா?

மூணாம்வருஷம் | புதன், மாலை 5:20

இல்லை அக்கா. சாப்பிடவும் மாட்டேன் என்கிறார். இட்லி ஒன்றில் பாதி. நான் பசியின்மை என்று ஒரு டயக்னோசிஸ் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

ஐசிசியு_அக்கா | புதன், மாலை 6:10

சேர்க்காதே. அவருக்குப் பசிக்கும். சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும், போனால் உன் வயதுப் பெண் ஒருத்தி பெட்பேனை வைத்து எடுக்க வேண்டும், அதற்குப் பட்டினியே மேல் என்று முடிவு செய்திருக்கிறார். இதை ஒரு வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இத்தனை வருடத்தில் இதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன், கணக்கில்லை. என் அப்பாவே ஆஸ்பத்திரியில் இருந்தபோது இதைத்தான் செய்தார், நான் நர்ஸ் என்று தெரிந்தும்.

இதில் ஆபத்து என்னவென்றால், மூன்றாம் நாள் தாங்காமல் முக்குவார். மூச்சைப் பிடித்து முக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபட்டு பிபி விழும், விட்டதும் குபீரென்று ஏறும், பல்ஸ் குறையும். உன் ஆளுக்கு ஏற்கெனவே பல்ஸ் 52-க்கு இறங்கிய வரலாறு. இல்லாவிட்டால் ராத்திரி யாரும் பார்க்காதபோது லீடைப் பிடுங்கிவிட்டு பாத்ரூமுக்கு நடப்பார், அங்கே குத்துக்கால் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் விழுவார். ஐசியு பாத்ரூம் வாசலில் விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

பெட்பேனில் இடுப்பைத் தூக்கி ஏறி உட்கார்வதை விட, பெட்டுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்வது இதயத்துக்குச் சிரமம் குறைவு. பிபி நிலையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு அதை வாங்கு. மூன்று பக்கமும் ஸ்கிரீன் போடு. ஆண் உதவியாளரை அனுப்பு, அல்லது மனைவியை உள்ளே விட அனுமதி வாங்கு. மலமிளக்கி ராத்திரியே கேட்டு வாங்கு. அப்புறம் அவரிடம் நேராகவே சொல், "முக்காதீங்க ஐயா, வாயைத் திறந்து மூச்சு விடுங்க" என்று. மானிட்டரை நீ ஸ்கிரீனுக்கு வெளியே நின்று பார். இவ்வளவையும் எழுதினால் உன் மேடம் இரண்டாவது தடவை 'யாருக்கு எழுதியது' என்று கேட்க மாட்டார்.

குறுக்குக்கேள்வி | புதன், இரவு 7:33

முதலில் தூங்கச் சொன்னேன், வாபஸ். பெட்பேன் சமாச்சாரம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஆண் நர்ஸ் நான், என்னிடம் ஆண்கள் கூச்சப்படுவதில்லை, பெண் வார்டில் என்னைக் கண்டால் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். அங்கேயும் இதே பட்டினி நடக்கிறதோ என்னவோ.

மூணாம்வருஷம் | வியாழன், இரவு 8:05

கமோட் வந்தது. அவர் தம்பியை உள்ளே விட்டார்கள். அதற்குப் பிறகு நாலு இட்லி.

பதற்றத்துக்கும் காரணம் கண்டுபிடித்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்காருவார், லீடு கழன்று மானிட்டர் கத்தும். சாவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். வீட்டில் ஒரு கறவை மாடு, அவர் கை பட்டால்தான் பால் விடுமாம், மூன்று நாளாக என்ன ஆனதோ என்று. பக்கத்து வீட்டுப் பெண் கறப்பதை வீடியோ காலில் காட்டினோம். அதற்குப் பிறகு போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். பிளானில் 'வீட்டு மாட்டைப் பற்றிய கவலை' என்று எழுதினேன், மேடம் கோடு போட்டு அடிக்கவில்லை. பழைய ஆறில் தூக்கக் குறைவும் அறிவுக் குறைவும் போய்விட்டன. அறிவுக் குறைவை எடுத்ததற்கு மட்டும் மதிப்பெண் குறைத்துவிட்டார், டிஸ்சார்ஜுக்கு முன் யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அதற்குத்தான் இப்போது வந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புத்தகத்தில் 'சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் நடந்து தொடங்கவும்' என்று இருக்கிறது. சொன்னேன், அவர் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல சமதளம் எங்கம்மா இருக்கு?"

மலைமேல்_நர்ஸ் | வியாழன், இரவு 9:12

சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எங்களுக்குக் கடைக்குப் போனால் இறக்கம், வந்தால் ஏற்றம். சுலபம் என்று நினைத்து முதலில் இறங்கிவிடுவார்கள், திரும்பி ஏறுவதுதான் இதயத்துக்கு வேலை. வீட்டு வாசலிலேயே களம் இருந்தால், காபி காயவைக்கும் களம், அதைச் சுற்றி நடக்கச் சொல். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பேச்சுத் திணறினால் நிற்க வேண்டும். விடியற்காலைப் பனியில் வேண்டாம், வெயில் ஏறின பிறகு. மூட்டை தூக்குவது டாக்டர் சொல்லும் வரை கிடையாது, இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை, மனைவியிடம் சொல். காபி பறிக்கும் பருவம் வந்தால் கூலி போகிறதே என்று முதல் ஆளாக நிற்பார்.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது 'உப்புக் குறைக்கவும்' என்று நிறுத்தாதே. கருவாடு, ஊறுகாய், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் உப்பு மிளகாய் என்று பெயர் சொல்லிச் சொல்.

கொலுசுப்பட்டறை | வியாழன், இரவு 9:50

மாத்திரையைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்றாம் மாதம் எனக்கு உடம்பு பிரமாதமாக இருந்தது. மாத்திரை சூடு, வயிற்றைக் கெடுக்கும் என்று மாமனார் சொன்னார். ஒரு வாரம் நிறுத்திவிட்டேன். செக்கப்பில் டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டென்ட் உள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைத்திருக்கும் என்றார். அந்த ரத்தம் கட்டாத இரண்டு மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும், பல் பிடுங்குகிற டாக்டர் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சொந்தக்காரர் யாராவது சட்டைப்பையில் சார்பிட்ரேட் வைத்துக்கொள், நெஞ்சு எரிந்தால் நாக்குக்கடியில் போடு என்பார்கள். என்னிடமும் இருக்கிறது.

ஐசிசியு_அக்கா | வியாழன், இரவு 10:20

சார்பிட்ரேட்டும் நைட்ரேட்தான். உங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் சார், உட்கார்ந்துகொண்டு போடுங்கள், நின்றுகொண்டு போட்டால் தலை சுற்றி விழுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள், அவருக்கு வந்திருப்பது இந்தப் பையனுடைய ஆளுக்கு வந்த மாதிரி இருந்தால் போச்சு. சில்டெனாஃபில் வகை மாத்திரை (ஆண்மைக் குறைவுக்குப் போடுவது) போட்டவருக்கும் கூடாது, அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

மூணாம்வருஷம் | வியாழன், இரவு 10:24

அக்கா நான் பொண்ணு.

ஐசிசியு_அக்கா | வியாழன், இரவு 10:26

தெரியும் கண்ணு, தூக்கக் கலக்கம்.

மூணாம்வருஷம் | சனி, இரவு 9:15

இன்று மதியம் கிளம்பிவிட்டார். அவருக்கும் மனைவிக்கும் படிக்கத் தெரியாது, அதனால் காலை மாத்திரைக் கவரில் சூரியன், ராத்திரிக் கவரில் நிலா வரைந்து, நிறுத்தவே கூடாத இரண்டுக்கும் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன். மனைவி திருப்பிச் சொல்லிக் காட்டினார், ஒரு தப்பும் இல்லை. பீடிக்குப் பதிலாக என்ன என்று கேட்டார், கிராம்பு என்றேன், அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மலைமேல்_நர்ஸ் | சனி, இரவு 9:40

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். மேலே இருக்கும் சிஸ்டரிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டச் சொன்னாயா? பீடி விஷயத்தையும் அங்கே பேசிக்கொள்ளலாம், ஒரே நாளில் நடக்காது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தது சீட்டில் இருக்கிறதா?

மூணாம்வருஷம் | சனி, இரவு 9:47

ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருக்கிறது, தேதியோடு. மேலே காட்டச் சொல்லவில்லை, மறந்துவிட்டேன். தம்பியின் நம்பர் ஃபைலில் இருக்கும். திங்கள் காலை வார்டு சிஸ்டரிடம் சொல்லிப் போன் போடச் சொல்கிறேன்.